பின்னால் நின்று எடுத்த படம்

எங்கள் வீட்டுக் கமராவின் தலையில், இடப்பக்க ஓரமாக, ஒரு சிறிய திருகு இருக்கிறது. எடுத்து முடிந்த ஃபிலிமைத் திரும்பச் சுற்றுவதற்கான திருகு. கறுப்புப் பூச்சு தேய்ந்து உள்ளேயிருக்கும் பித்தளை மஞ்சளாகத் தெரியும். என் வாழ்க்கையில் நான் ஆகப் பயந்து பார்த்த பொருள் எது என்று யாராவது கேட்டால் அந்தத் திருகைத்தான் சொல்வேன். வன்னியில் கடைசிச் சண்டைவரை இருந்தவள் இப்படிச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஷெல்லும் விமானமும் வேறு கணக்கு. அவை வரும்போது நின்று பார்க்க நேரமிருக்காது, விழுந்து படுத்துவிடுவோம். இந்தத் திருகை நான் நின்று பார்த்தேன். கலியாணச் சபைக்கு நடுவே, கையில் குங்குமத் தட்டோடு, வாயைத் திறக்க வழியில்லாமல் நின்று பார்த்தேன்.

கமரா இவருடையது. இவர் என்றால் என் கணவர். மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். கொழும்பில் ஒரு படக்காரரிடம் வேலை செய்த காலத்தில் வாங்கிய கமரா அது. முழுக்க இரும்பு போலப் பாரம். கழுத்தில் போட்டால் தோள்பட்டையில் வார் பதிந்து கோடு விழும். "இது புரொபெஷனல் கமரா" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். ஊரில் வேறு யாரும் அந்தப் பேச்சை எடுக்காதபடியால் தானே எடுப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு விறாந்தையில் என்னை மூன்றாம் கதிரையிலிருந்து ஜன்னல் பக்கக் கதிரைக்கு மாறி இருக்கச் சொன்னவர் இவர். நான் வெட்கப்பட்டு எழுந்து போய் இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, மனிதர் என்னைப் பார்க்கவில்லை, என் முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்திருக்கிறார். இன்றுவரைக்கும் இந்தக் கதையை நான் விடவில்லை, சண்டை வரும்போதெல்லாம் எடுத்து விடுவேன்.

இராணுவம் பாதையைப் பூட்டியிருந்த காலத்தில் வன்னிக்குள் பற்றரி வர விடமாட்டார்கள். மற்றவர்களின் கமராக்கள் அலுமாரிக்குள் செத்துக் கிடந்தபோது இவருடையது மட்டும் வேலை செய்தது. படம் எடுக்கும்போது அதன் கதவைத் திறந்து மூடுவது வெறும் வில்லும் பற்சக்கரமும்தான், பற்றரி தேவையில்லை. வெளிச்சம் காட்டும் முள் மட்டும் அசையாது. அதற்கு இவர் தன் உள்ளங்கையை வெயிலில் பிடித்துப் பார்த்து ஒரு கணக்குப் போடுவார். ஆனால் ஃபிலிம் இல்லாமல் எந்தக் கமராவும் ஒன்றும் செய்ய முடியாதே. எங்கேயோ எப்படியோ ஒளித்து மறைத்து ஒரு ரோல் வந்து சேர்ந்தால் அதை இவர் பார்க்கும் பார்வையில் ஒருநாளும் என்னைப் பார்த்ததில்லை.

ஃபிலிமைக் கமராவுக்குள் போடும்போது அதன் நுனியை மறுபக்கத்து உருளையில் செருகி ஒன்றிரண்டு சுற்று நன்றாகச் சுற்றிவிட வேண்டும். அப்போதுதான் பிடிக்கும். அந்தச் சுற்று முழுக்க வீண், அதில் படம் எடுக்க முடியாது. அந்த வீணை இவருக்குப் பொறுக்க முடியவில்லை. கம்பளிப் போர்வைக்குள் தலையையும் கமராவையும் நுழைத்துக்கொண்டு, இருட்டில் விரலால் தடவி, நுனியை மட்டும் மட்டுமட்டாகச் செருகி மூடிவிடுவார். அப்படிச் செய்தால் ரோலின் தொடக்கத்தில் இன்னும் இரண்டொரு படம் கூடுதலாகக் கிடைக்கும். அந்தக் கூடுதல் படங்களில் எத்தனையோ பேரின் அடையாள அட்டைப் படம் எடுத்திருக்கிறார். அது ஒருநாளும் வழுக்கியதில்லை. போர்வைக்குள்ளிருந்து வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, "பிடிச்சிட்டுது" என்று பிள்ளை பிறந்த செய்தி மாதிரிச் சொல்வார்.

சமாதானம் வந்து பாதை திறந்தது. வவுனியாவிலிருந்து ஃபிலிம் பெட்டி பெட்டியாக வந்தது. பற்றரியும் வந்து அந்த முள்ளும் அசையத் தொடங்கியது. இவரோ போர்வையை விடவில்லை. "இப்பத்தான் கிடைக்குதே, ரெண்டு சுத்துச் சுத்தினால் என்ன குறைஞ்சு போகும்?" என்று கேட்பேன். "பழகிட்டுதப்பா" என்பார். நான் மட்டும் என்ன திறம்? இன்றைக்கும் புதுச் சவர்க்காரம் வாங்கினால் பாதியாக வெட்டி மறுபாதியை ஒளித்துத்தான் வைக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்குத் தட்டுப்பாடு போனாலும் அந்தக் கைப்பழக்கம் போகாது.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கச்சியின் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை கனடாவிலிருந்து குறுகிய லீவில் வந்திருந்தார். அவரும் அவருடைய அக்காவும் மட்டும்தான் வந்தார்கள். நாள் அவசரமாக வைத்ததால் வீடியோக்காரர் கிடைக்கவில்லை, அவர் அன்றைக்குக் கிளிநொச்சியில் இன்னொரு கலியாணத்துக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். "வீட்டிலயே படக்காரர் இருக்க வீடியோ என்னத்துக்கு?" என்று எல்லோரும் இவரைத்தான் நம்பினோம். நம்பிக்கை சும்மா அழகுக்காக இல்லை. கலியாணம் முடிந்து மாப்பிள்ளை போய்விடுவார். பிறகு அவர் அங்கிருந்து மனைவியைக் கூப்பிடப் பதிய வேண்டும், தங்கச்சி கொழும்புக்குப் போய் எம்பசியில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உண்மையான கலியாணம்தான் என்று காட்ட அவள் கையில் இருக்கப் போவது படங்கள் மட்டும்தான். அதிலும் தாலி கட்டுகிற படம் இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள் என்பது ஊரில் எல்லோர் வாயிலும் இருந்த கதை. நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குப் படம் சரியில்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம், அவள் புருஷன் முகத்தைக் காணாமல் வருஷக்கணக்கில் இருக்கிறாளாம் என்று ஆள் மாறி ஆள் சொன்னார்கள். உண்மையோ பொய்யோ, எங்கள் அம்மா அதைக் கேட்ட நாளிலிருந்து நித்திரை கொள்ளவில்லை. சமாதானம் எவ்வளவு நாளைக்கு என்று யாருக்குத் தெரியும்? ஒரு பிள்ளையாவது வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் அவாவுக்கு வேண்டியிருந்தது.

கலியாணம் எங்கள் வீட்டு முற்றத்துப் பந்தலில். அப்பா உயிரோடில்லை. சித்தப்பாவும் சித்தியும்தான் மணவறையில் இருந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அம்மா பந்தலுக்குள் வரவே இல்லை. புருஷன் இல்லாதவள் மங்கல காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாது என்று சமையல் நடந்த குசினி வாசலோடு நின்றுகொண்டா. எனக்கு அதில் எரிச்சல்தான். பெற்றவள் பார்க்காத கலியாணம் என்ன கலியாணம் என்று காலையிலேயே வாய்த்தர்க்கம் பட்டுவிட்டேன். "நீ உன்ர வேலையைப் பார், நான் இஞ்ச நிண்டாலும் எனக்கு மேளம் கேக்கும்" என்றா.

கூறைச் சேலை கொடுப்பதற்குச் சற்று முன்னர் இவர் புது ரோல் போட்டார். கலியாண வீட்டிலும் அறைக்குள் போய்ப் போர்வைக்குள் நுழைந்துதான் போட்டார். நான் தங்கச்சிக்குக் கூறை உடுத்தும் அலுவலில் இருந்தேன். அவளை மணவறைக்கு அழைத்து வந்து இருத்தினோம். கெட்டிமேளம் முழங்கியது, மாப்பிள்ளை தாலிக்கொடியைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்கழுத்தில் சுரையைப் பூட்டினார். சுரை என்பது கொடியின் இரண்டு முனையையும் சேர்க்கும் சிறிய பூட்டு. பூட்டியதும் சனம் பூவும் அரிசியும் எறிந்தது. இவர் மணவறைக்கு முன்னால் குந்தியும் எழும்பியும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்தது குங்குமம். நான் தட்டை நீட்டினேன். மாப்பிள்ளை ஒரு சிட்டிகை எடுத்துத் தங்கச்சியின் உச்சியிலும் நெற்றியிலும் வைத்தார். இவர் படம் எடுத்துவிட்டு வலக்கைப் பெருவிரலால் அடுத்த படத்துக்கு இழுத்தார்.

அப்போதுதான் என் கண் அந்தத் திருகில் போய் நின்றது. வலப்பக்கம் இழுக்கும்போது இடப்பக்கத்துத் திருகு தானாக ஒருமுறை சுழல வேண்டும். ஃபிலிம் உள்ளே நகர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். எத்தனை கலியாணத்தில் இவருக்குப் பக்கத்தில் பிளாஷைத் தூக்கிக்கொண்டு நின்றிருப்பேன், அந்தத் திருகு சுழல்வதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியிருந்தது. அது சுழலவில்லை. நான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். இன்னொரு படம் எடுத்தார், இழுத்தார். திருகு அப்படியே இருந்தது.

தட்டைச் சித்தியின் கையில் திணித்துவிட்டு இவருக்குக் கிட்டப் போனேன். "இஞ்சேருங்கோ, திருகு சுத்தேல்லை."

"எது?"

"இடப்பக்கத்துத் திருகு. நீங்கள் இழுக்க இழுக்க அது அசையேல்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் முன்னும் பின்னும் கண்டதில்லை. அந்தத் திருகை மெல்லப் பிடித்துச் சுற்றினார். ஃபிலிம் பிடித்திருந்தால் அரைச் சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். அது நிற்கவில்லை. தண்ணீர் இல்லாத கிணற்றுக் கப்பி மாதிரிச் சுகமாகச் சுழன்றது. நுனி வழுக்கிவிட்டது. கூறை கொடுத்தது, மணவறைக்கு வந்தது, தாலி கட்டியது எல்லாம் அந்தக் கமராவுக்குள் போகவே இல்லை. இவர் முகத்தில் இரத்தம் இல்லை. "சும்மா இருங்கோ, பிறகு பாப்பம்" என்றுதான் என் வாயில் வந்தது. சபையில் ஒரு கலவரம் வரக் கூடாதே என்ற பயம் எனக்கு. அவர் கேட்கவில்லை. நேரே மணவறைக்குப் போய், மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டி, மாப்பிள்ளையின் அக்காவிடம் சொன்னார்.

"ஃபிலிம் பிடிக்கேல்லை. தாலி கட்டினது விழேல்லை. என்ர பிழை."

அந்த அக்கா தோழியாக மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றவ. கைநிறையச் சாமான் இருந்ததால் தன் சின்னக் கமராவைப் பைக்குள்ளேயே விட்டிருந்தா. கேட்டதும் ஏறிப் பாய்ந்தா. "என்ன அண்ணை சொல்லுறியள்? உந்தப் படம் இல்லாமல் நாங்கள் அங்க என்னத்தைக் குடுக்கிறது? பிள்ளை இஞ்சையே கிடக்கிறதோ?" கெட்ட மனிஷி என்று சொல்ல மாட்டேன். தம்பியின் வாழ்க்கை அவாவுக்கும் பெரிதுதான். ஐயரைப் பார்த்து, "கழட்டத் தேவையில்லை, பூட்டின சுரையில கையை வைச்சுக்கொண்டு திரும்ப ஒருக்கா நிண்டால் போதும்" என்றா. ஐயர் தாடையைத் தடவினார். கழற்றாதவரைக்கும் தோஷமில்லை, ஆனால் ஒருதரம்தான் என்றார்.

அதோடு முடிந்திருக்கும். அந்த அக்காவுக்கோ எதையும் முழுசாக யோசிக்கும் புத்தி. தங்கச்சியின் நெற்றியைப் பார்த்துவிட்டு, "தாலி கட்டமுதல் எங்காலை குங்குமம் எண்டு கேப்பினமே, இது நடிப்பெண்டு பிடிச்சிடுவினம்" என்று சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து கைலேஞ்சியை எடுத்தா. துடைத்துவிட்டு எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்பது அவாவின் எண்ணம். தாலி ஏறிய கையோடு குங்குமத்தைத் துடைப்பது என்றால் எங்களுக்குள் என்ன அர்த்தம் என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தங்கச்சி இவரைத்தான் பார்த்தாள். "அத்தான், துடைச்சாத்தான் விசா வருமெண்டால் துடைக்கட்டும்" என்றாள்.

கைலேஞ்சி நெற்றிக்குக் கிட்டப் போனபோது ஒரு கை வந்து அந்த அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தது. அம்மா. குசினி வாசலில் நின்றவ எப்போது சபையைக் கடந்து வந்தா என்று யாரும் காணவில்லை. அடுப்புப் புகை பிடித்த வெள்ளைச் சேலையோடு மணவறைக்கு முன்னால் நின்றா. "என்னைத் துடைச்சது போதும். என்ர பிள்ளைக்கு வேண்டாம். அவள் இஞ்சையே கிடக்கட்டும்" என்றா. வெளிநாட்டுக்கு அனுப்பத் தவம் கிடந்த வாய் அது. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது, துடைக்கக் கை போகவில்லை.

இவர் கமராவைத் திறந்தார். நிழலுக்குத் திரும்பிக் குனிந்து, ஃபிலிமின் நுனியைச் செருகி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று தாராளமாகச் சுற்றி மூடினார். இழுத்துப் பார்த்தார். திருகு சுழன்றது. பிறகு மணவறையின் பின்பக்கம் போய், பின்னால் கட்டியிருந்த சரிகைச் சீலையை அவிழ்த்து ஒதுக்கினார். "துடைக்கத் தேவையில்லை. நான் பின்னால நிண்டு எடுக்கிறன். கழுத்தும் கையும் சுரையும் விழும், நெத்தி விழாது" என்றார்.

"முகம் தெரியாட்டில் ஆரெண்டு எப்பிடி நம்புவினம்?" என்று அந்த அக்கா கேட்டா.

"உங்கள் எல்லாற்ற முகமும் தெரியும். பாத்துக்கொண்டு நிண்டவைதானே சாட்சி."

பிளாஷ் வெளிச்சம் எட்ட வேண்டுமென்று சனத்தை மணவறைக்கு நெருங்கி வரச் சொன்னார். தங்கச்சி எங்களைப் பார்க்க இருந்தாள், அவளுக்குப் பின்னால் கமரா. அம்மா மெல்ல நழுவப் பார்த்தா. "மாமி, அதிலயே நில்லுங்கோ" என்றார் இவர். "நான் நிக்கக் கூடாது தம்பி." "நில்லுங்கோ மாமி. பெத்த தாயில்லாமல் என்ன சாட்சி?" அம்மா நின்றுவிட்டா. மாப்பிள்ளை சுரையில் விரலை வைத்தார். கொஞ்சம் அழுத்திச் சுற்றினால் பூட்டு இளகிவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஐயர் சொன்னது ஒரு தரம்தான். சுரை கழன்றாலும் போச்சு, படம் பிழைத்தாலும் போச்சு. ஒருவரும் சிரிக்கவில்லை, கமராவைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் அந்த விரலில். பிளாஷ் மின்னியது. மாப்பிள்ளை சூடுபட்டவர் மாதிரிக் கையை எடுத்தார். சுரை அப்படியே இருந்தது.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் யாராவது ஃபிலிமைத் திறந்து பார்த்துவிடுவார்களோ என்று வேட்டி மடிப்புக்குள் வைத்து, இவரே வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் கழுவுவித்தார். படம் வந்திருந்தது. பார்த்தவுடன் எனக்குத் திக்கென்றது. ஒரு கலியாணப் படம் மாதிரியே இல்லை. ஏதோ விபத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கூட்டம் மாதிரி எல்லோரும் விறைத்துப்போய் நின்றோம். நடுவில் அம்மா, இரண்டு கையையும் நெஞ்சில் பொத்திக்கொண்டு, வாய் அரைவாசி திறந்தபடி. வேறு வழியில்லை, அதைத்தான் கொடுத்தோம்.

தங்கச்சி எம்பசிக்குப் போன அன்று நாங்கள் மல்லாவியில் தொலைபேசிக் கடையின் மர வாங்கிலேயே குந்தியிருந்தோம். அம்மா தண்ணீரும் குடிக்கவில்லை. அவள் அழைத்தபோது அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. அங்கேயிருந்த அதிகாரிப் பெண் மற்றப் படங்களை எல்லாம் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாவாம், "ஏன் எல்லாரும் பயந்து நிக்கினம்? உம்மைக் கட்டாயப்படுத்திக் கட்டி வைச்சவையோ?" தங்கச்சி நடந்ததை நடந்தபடியே சொன்னாளாம், வழுக்கின ஃபிலிம், சுரை, குங்குமம், கைலேஞ்சி எல்லாம். மொழிபெயர்த்த தமிழ் ஆள் குங்குமம் துடைக்கிற இடத்தில் தடுமாறினாராம். "அக்கா, அவ கன நேரம் படத்தில அம்மாவையே பாத்துக்கொண்டு இருந்தவ" என்றாள். விசா கிடைத்தது. பாதை மறுபடி பூட்டுவதற்கு முன் தங்கச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கடைசிச் சண்டையில் நாங்கள் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது இவர் அல்பங்களையும் நெகட்டிவ்களையும் பொலித்தீனில் சுற்றி வளவில் குழி வெட்டித் தாட்டார். கமராவை மட்டும் சட்டைக்குள் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தார். ஃபிலிம் உள்ளே இருந்தது. வழிநெடுக ஒரு படமும் எடுக்கவில்லை, ஏன் என்று நானும் கேட்கவில்லை. மாத்தளனுக்குக் கிட்ட, தண்ணீர் எடுக்கப் பதுங்குகுழிக்கு வெளியே போன அம்மா திரும்பி வரவில்லை. சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து ஊருக்கு வந்து தோண்டிப் பார்த்தபோது பொலித்தீனுக்குள் தண்ணீர் போய் எல்லாப் படமும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாக இருந்தது. அம்மாவின் அடையாள அட்டை அம்மாவோடு போயிற்று. வீட்டில் படக்காரர் இருந்தும் அவாவின் முகம் எங்களிடம் இல்லை. எம்பசிக்குக் கொடுத்ததில் ஒரு பிரதி தங்கச்சியிடம் இருந்தது. அது ஒன்றுதான். அதை அவள் ஃபோனில் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள்.

போன வருஷம் தங்கச்சியின் மகன் அந்தப் படத்தை ஃபோனில் ஏதோ செய்து அனுப்பினான். அம்மா சிரித்துக்கொண்டு நின்றா. பற்கள் வரிசையாக, வாய் அழகாக. பிள்ளை ஆசையில் செய்தது, அவனை ஏச மனம் வரவில்லை. ஆனால் அது யாரோ ஒரு மனிஷி. பழைய படத்தில் நாங்கள் செய்தது நடிப்புத்தான், தாலி ஏற்கெனவே ஏறியிருந்தது. அம்மா மட்டும் நடிக்கவில்லை. இவரிடம் இரண்டையும் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் கிளிநொச்சிக்குப் போய்ப் பழையதைப் பெரிதாக அடித்துக்கொண்டு வந்து முன் சுவரில் மாட்டினார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்.

"ஏன் அம்மா உப்பிடிப் பயந்துபோய் நிக்கிறா?"

"தங்கச்சிக்கு ஏதும் நடந்திடக் கூடாதெண்டு."

"பிறகு?"

"தங்கச்சிக்கு ஒண்டும் நடக்கேல்லை."